பாலைக் காட்டில் வேனிற் கொல்லை

(திருப்பாலைவனத்தில் மீனவர் குடும்பத்து மகளிரிடையே நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாலைவனம் என்னும் பெயருடைய ஊரில் பூஞ்செடியும் பச்சிலையும் வளர்ப்பது பற்றி ஒரு சொற்பொழிவா என்று வெளியூரார் நகைக்கக்கூடும். அப்பெயரைக் கேட்டவுடன் அவர் கண்முன் எழுவன மணல்மேடும் ஒட்டகமுமே. சகாராவையும் தார்ப் பாழ்நிலத்தையும் 'பாலைவனம்' என்றே பாடநூல்களில் எழுதி எழுதிப் பழக்கியதால் வந்த மயக்கம் இது. இவ்வூர்ப் பெயரிலுள்ள பாலை மணற்பாழன்று, மரம். திருப்பாலீச்சுரர் கோயிலின் காவல்மரமாக நிற்பதும் அப்பாலையே. ஈற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'வனம்' என்னும் வடசொல்லை எடுத்துவிட்டுக் 'காடு' என்று வைத்துப் பார்மின்! பாலைக்காடு! மயக்கம் அங்கேயே தெளிந்துவிடும்.

பக்கத்துப் பழவேற்காட்டின் பெயரிலும் ஒரு காடு உண்டு. அது ஒல்லாந்தர் நாவில் பலியகட்டா ஆயிற்று. ஆங்கிலர் நாவில் புலிக்காட் ஆயிற்று. இன்று அரசின் பெயர்ப்பலகைகளிலும் அத்திரிபே நிற்கிறது. அருகருகே நிற்கும் ஈரூர்கள். இரண்டும் காட்டின் பெயரால் வழங்குவன. இரண்டிலும் இன்று எஞ்சிய காடு பெரும்பாலும் சீமைக் கருவேலங்காடே.

பாலை என்று பெயர்பெற்ற மரங்கள் பல. ஏழிலைப்பாலை வேறு, வெட்பாலை வேறு, குடசப்பாலை வேறு. இக்கடற்கரையின் உலர்காடுகளில், வடக்கே சிரீ அரிக்கோட்டைத் தீவு வரையில், காணப்படுவது உலக்கைப்பாலை. உலக்கை செய்தற்கேற்ற வன்மரம் என்பதைப் பெயரே சொல்லும். கிள்ளினால் பால் வடியும். மெல்ல மெல்ல வளரும். ஏனை மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் வேனிலிலும் இதன் தடித்த இலை பசுமை மாறாது. வெயில் முற்றுங்கால் மஞ்சள் நிறச் சிறுகனிகள் பழுத்து உதிரும். ஈழத்து வன்னிநாட்டுத் தமிழர் அக்கனியைப் பாலைப்பழம் என்று இன்றும் விரும்பி உண்கின்றனர். ஆக, வேனிலில் வாடாது நின்று கனிதரும் ஒரு மரத்தின் பெயரையே இவ்வூர் தாங்கி நிற்கிறது. வேனிற்கொல்லை போடுவதற்கு இதனினும் பொருத்தமான ஊர் வேறு எது?

தொல்காப்பியர் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என நானிலம் வகுத்தார். பாலைக்கெனத் தனிநிலம் வகுத்தாரில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெப்பத்தால் தம் இயல்பு திரிந்து பாலையென்னும் வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் விளக்கிற்று. அஃதாவது, பாலை என்பது நிலத்தின் பிறப்பன்று. நிலத்துக்கு நேரும் நிலை. மழை வந்தால் அந்நிலை நீங்கும். நெய்தல் திரிந்து பாலையாகும் என்று பழையோர் எவரும் கூறவில்லை. அவர் காலத்தில் அது நேரவில்லை போலும். இந்நாளில் நேர்ந்துகொண்டிருக்கிறது. கொல்லையைப் பற்றிப் பேசப் புகுமுன் அதனைக் கூறியாக வேண்டும். ஏனெனில், செடிக்கு முதல் தேவை நீர்.

கடற்கரை மணலில் கிடைக்கும் நன்னீர் எங்கிருந்து வருகிறது? ஐப்பசி, கார்த்திகை எனப்படும் துலை, நளித் திங்கள்களில் வடகீழ்க் காற்றுக் கொணரும் மழைநீர் மணலில் இறங்கித் தங்குகிறது. அதன்கீழ் உவர்நீர் நிற்கிறது. நன்னீர் எடை குறைந்தது. உவர்நீர் எடை மிகுந்தது. எனவே பாலின்மேல் ஆடை மிதப்பதுபோல் நன்னீர் உவர்நீர்மேல் மிதக்கிறது. இதற்கொரு கணக்கும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாடன் கைபென் என்னும் ஒல்லாந்துப் பொறியாளரும், 1901இல் எர்சுபெர்க்கு என்னும் செருமானியரும் தனித்தனியே அதனை எழுதிவைத்தனர். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீரே இருக்கும். நல்லதுதானே என்பீர்! அக்கணக்கைத் திருப்பிப் பார்மின். மேலே 1 அடி நீரை இறைத்துக் குறைத்தால், கீழேயிருந்து உவர்நீர் 40 அடி ஏறிவரும். 1613இல் பழவேற்காட்டில் கெல்திரியாக் கோட்டை கட்டிய ஒல்லாந்தரின் பின்னோர் தம் நாட்டு மணற்கரையில் துளையிட்டுக் கண்ட இவ்வுண்மையை, இக்கரை மக்கள் கணக்கின்றியே கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். ஆழத் தோண்டாமல் மணலில் ஆழமற்ற ஊற்றுப் பறித்து, ஊறுமளவு பார்த்து மொண்டதன் பொருள் அதுவே. ஊற்றில் குடத்தைப் போட்டுக் கலக்காதே என்று பாட்டியர் அதட்டியது வீண் அதட்டலன்று.

அவ்வறிவை மறந்ததற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டா. தெற்கே மீஞ்சூர் இருக்கிறது. 1960களின் இறுதியிலிருந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளின் நிலத்தடி நீர் சென்னை நகர்க்கும் ஆலைகட்கும் இறைக்கப்பட்டது. உழவர் இறைத்ததும் உண்டு. அதனை மறைக்க வேண்டா. விளைவு, மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே புகுந்தது. கிணறுகள் உவர்த்தன. பின்னர், 2010இல், அதே மீஞ்சூரின் பெயரால் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி இலிட்டர் அதன் அளவு. நிலத்தடியில் மழை விலையின்றி வைத்திருந்த நன்னீரை இறைத்துத் தீர்த்துக் கடலை உள்ளே அழைத்தபின், அக்கடலையே பெருஞ்செலவில் வடித்துக் குடிக்கும் இந்நிலையை என்னென்பது! இங்கு அரசியல் பேச இடமில்லை, கொல்லைக்கே திரும்பலாம். ஆனால், வீட்டுக்கு வீடு ஆழ்துளை இறக்கி விசையால் உறிஞ்சும் ஊரில் எந்தப் பூவும் நெடுநாள் பூக்காது என்பதை மட்டும் நெஞ்சில் வைத்துக் கொள்ளுங்கள்.

வேனிலில் பழவேற்காட்டு ஏரியும் வற்றும். முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும் ஆண்டுகளில், ஏரிநீர் கடல்நீரினும் மிகுதியாக உவர்ப்பதுண்டு. காற்றும் உப்பைச் சுமந்தே வரும். இத்தகைய இடத்தில் மலைநாட்டுச் செடிகளை வாங்கிவந்து வைத்துவிட்டு, வாடிற்று வாடிற்று என்று வருந்துவதில் பயனில்லை.

முதலில் காற்றைத் தடுக்க வேண்டும். கடற்காற்று வரும் பக்கத்தில் நொச்சியை நெருக்கி நடுக! கிளையை ஒடித்து ஊன்றினாலே தழைக்கும். ஆடு கடிக்காது. உலர்ந்த இலையைப் புகையிட்டால் கொசு அகலும். தலைநீர்க் கோவைக்கு அவ்விலை போட்டு ஆவி பிடிப்பதை இங்குள்ள எந்தத் தாய்க்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நொச்சியோடு ஆடாதோடையையும் கலந்து வைக்கலாம். வேலிக்கு வேலி, மருந்துக்கு மருந்து. மேற்கு வெயிலுக்குப் பனையோலைத் தட்டி போதும். அதற்கு இப்பகுதியில் பஞ்சமில்லை. பனையோலையைக் கொண்டு பெட்டியும் கூடையும் முடையும் கைவினை மகளிர் பழவேற்காட்டில் இன்றும் உள்ளனர்.

அடுத்தது மண். வெறுமணல் நீரைப் பிடித்து வைக்காது. ஏரி வண்டலும் மக்கிய சாணமும் இலைச்சருகும் கலந்தால் பிடிக்கும். மீனவர் வீட்டுக்கு வாய்த்த உரம் பிற உழவர்க்கு வாய்க்காதது. மீனின் தலை, குடல், செதில் ஆகியவற்றை அதே எடை நாட்டுவெல்லத்துடன் ஒரு கலத்தில் இட்டு மூடி, மூன்று நான்கு கிழமை நிழலில் வைத்தால், தேன் நிறத்தில் சாறு பிரியும். அதனை 1 பங்குக்கு 100 பங்கிற்குக் குறையாமல் நீர் சேர்த்தே செடிக்கு ஊற்ற வேண்டும். குறைத்தால் வேர் கருகும். இறாலோட்டை உலர்த்தி இடித்துத் தூவுவதும் நன்று. ஆனால் கருவாடு ஊறவைத்த நீரை ஒருபோதும் செடிக்கு ஊற்றற்க! பச்சைமீன் கழுவிய நீர் உரம்; கருவாட்டு நீர் நஞ்சு. இவ்வேறுபாட்டை அறியாமல் மல்லிகையை மாய்த்த வீடுகள் பல.

நீர் விடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. சிறிது உவர்ப்புள்ள நீரை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால், நீர் ஆவியாகிவிட உப்பு மட்டும் மேல்மண்ணில் தங்கிப் பொரியும். இலைநுனி தீய்ந்தாற்போல் கருகத் தொடங்குவது அதன் அறிகுறி. ஆகவே இடைவெளிவிட்டு, விடும்போது வேர்க்குக் கீழே இறங்குமளவு நிறைய விடுக. இலைமேல் தெளிக்காமல் வேரடியில் விடுக. இதனினும் சிறந்தது பானை முறை. மெருகிடாத மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, அரிசி கழுவிய நீரோ ஊற்று நீரோ நிரப்பி, வாயை ஓட்டால் மூடிவிட்டுச் சுற்றிலும் செடி வைக்க வேண்டும். பானைச் சுவரில் நீர் கசிந்து, வேர் வேண்டுமளவே பருகும். வெயிலுக்கு ஒரு துளியும் போகாது. பானையைச் சுற்றி ஓலையும் சருகும் பரப்பி மூடாக்கிட்டால், கத்திரி வெயிலிலும் மண் குளிர்ந்திருக்கும். குளித்த நீரைப் பாய்ச்சலாம்; வழலையும் வெளுப்புத் தூளும் மிகுந்த துணிநீர் ஆகாது.

கிழிந்த வலையை எறிந்துவிடாமல் இரு கழிக்கிடையே கட்டினால் பிரண்டையும் முல்லையும் கோவையும் அதில் ஏறும். தரையில் மட்டும் வலையைத் தொங்கவிட வேண்டா. அணிலும் ஓணானும் பாம்பும் சிக்கி மாளும். கட்டுவோர் ஒரு முழம் மேலே கட்டுக.

இனிச் செடிகள். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கிக் கூறிய கபிலரின் வழிவந்த மக்கள், இன்று பத்துப் பூவின் பெயரைச் சொல்லத் தயங்குகின்றனர். பெயர் போனபின் செடி போயிற்றா, செடி போனபின் பெயர் போயிற்றா என்று ஆராய்வது அறிஞர் வேலை. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டே போகின்றன என்பது தேற்றம். கொல்லையில் திருநீற்றுப்பச்சை நின்ற காலத்தில், அதன் விதையை நீரில் ஊறவிட்டுக் குளிர்ச்சிக்குப் பருகினர். செடி போயிற்று. இப்போது அதே விதை 'சப்சா' என்னும் பெயரில் பொதிந்து கடையில் தொங்குகிறது. விலை கொடுத்து வாங்கி வரும் இளையோர்க்கு, பாட்டி வீட்டுக் கொல்லையின் பச்சைதான் அது என்று தெரியாது. நன்னாரியின் கதையும் அதுவே. வேரைக் கண்டறியாதார் புட்டியில் கண்டறிவர். துழாய் என்னும் பழந்தமிழ்ச் சொல்லைச் சொன்னால், அது என்ன செடி என்று கேட்போர் உளர். துளசி என்றால் உடனே தெரிந்துகொள்வர்.

வியப்பு என்னவெனில், தமிழர் மறக்கும் பெயர்களை உலகம் மறக்கவில்லை. முருங்கைக்கு நிலைத்திணை நூலார் இட்ட பேரினப் பெயர் மொரிங்கா, அது முருங்கையே. ஆடாதோடையின் பெயரை இலின்னேயசு தம் நூலில் அப்படியே எடுத்துக்கொண்டார். வெட்டிவேர் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வெட்டிவர் என்றே வழங்குகிறது. பாரிசு நகரத்து நறுமண நெய்யர் அச்சொல்லைப் புட்டியின்மேல் பொறித்து விற்கின்றனர். ஒல்லாந்தரின் மலையாளக் கரை ஆளுநர் வான் ரீடு என்பார், இட்டி அச்சுதன் என்னும் உள்ளூர் மருத்துவரின் அறிவைத் துணைக்கொண்டு தொகுத்த மலையாளச் செடிநூல் 12 தொகுதிகளாக 1678 முதல் 1693 வரை ஆம்சுடர்டாமில் அச்சேறிற்று. செடிகளின் உள்ளூர்ப் பெயர்களை அதில் அவர் தலைப்பாகவே வைத்தார். வணிகத்துக்கு வந்தவன் கூடப் பெயரின் அருமையை அறிந்திருந்தான்!

ஆடாதோடை பற்றி இன்னுமொன்று. இருமலுக்கு அதன் இலையை வழங்கியது பழைய மருத்துவம். அவ்விலையிலுள்ள வாசிசீன் என்னும் பொருளை அடியாகக் கொண்டே, சளியை இளக்கும் புரோமெக்சின் என்னும் மருந்து 20ஆம் நூற்றாண்டில் ஆக்கப்பட்டது. இதனைக் கேட்டவுடன், எல்லாம் பாட்டன் பூட்டன் கண்டதே, மருத்துவமனை எதற்கு என்று மேடையில் முழங்குவோரும் உளர். அது வீண்பெருமை. காமாலையும் மார்நோவும் வந்தவரைக் கொல்லைக்குக் கொண்டுபோகாமல் மருத்துவரிடம் கொண்டுபோவதே அறிவு. கருவுற்ற மகளிர் ஆடாதோடையை உட்கொள்ளலாகாது என்பதும் நினைவிருக்கட்டும். கொல்லைப் பச்சிலை தடுமனுக்கும் வெயில்சூட்டுக்கும் உதவும், அவ்வளவே. அவ்வளவே பெரிது.

மணலில் தானே பூத்து நிற்கும் பட்டிப்பூவைப் பலர் சுடுகாட்டுப்பூ என்று வெறுத்து ஒதுக்குவர். நித்தியகல்யாணி என்று வடமொழியில் அதற்கொரு மங்கலப் பெயரும் உண்டு. உண்மையில் அது மடகாசுக்கர்த் தீவிலிருந்து வந்த செடி. உவர்மணலும் கடும்வெயிலும் அதற்கு ஒரு பொருட்டன்று, மாடு மேயாது, ஆண்டு முழுதும் பூக்கும். 1950களின் இறுதியில் கனடா நாட்டு ஆய்வாளர் நோபிளும் பீரும் அதன் இலையிலிருந்து வின்பிளாசுட்டின் என்னும் பொருளைப் பிரித்தனர். அதன்பின் கண்ட வின்கிரிசுட்டின், குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்கு இன்றும் உலகெங்கும் வழங்கப்படும் மருந்து. சுடுகாட்டுப்பூ தொட்டிற் குழந்தையைக் காக்கிறது! ஆயினும் அதனை வீட்டில் அரைத்துக் குடிப்பது உயிர்க்கு இறுதி. முற்றத்தில் அழகுக்கு மட்டும் வைக்க. அரளிக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

அந்திமந்தாரையும் பத்துமணிப்பூவும் அமெரிக்க மண்ணிலிருந்து வந்தவை. அயற்செடி என்று பிடுங்கியெறிய வேண்டுமா என்று கேட்பார் உண்டு. வேண்டா. வந்த செடிக்குத் தமிழர் காலம் பார்த்துப் பெயரிட்டனர். அந்தியில் மலர்வது அந்திமந்தாரை, வெயிலேறியபின் மலர்வது பத்துமணிப்பூ. இவ்வாறு பெயரிட்டு வீட்டில் சேர்த்துக்கொள்வது ஒன்று. கேட்பாரின்றிப் பரவி நிலத்தடி நீரை உறிஞ்சும் சீமைக் கருவேலம் மற்றொன்று. இரண்டையும் ஒன்றாக எண்ணற்க.

மல்லிகைதான் இக்கரையில் பெருந்தொல்லை. உவரைத் தாங்காது. ஆனால் மகளிர் அதனை விடவும் மாட்டார். எனவே அதற்கு மட்டும் நன்னீர் ஒதுக்குக. பெருந்தொட்டியில், வண்டல் மிகுந்த கலவையில் வைத்து, நளித் திங்கள் இறுதியில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்துச் செய்துவிட்டால், மீனத்தில் அரும்பெடுத்து மேழத்திலும் விடையிலும் கொட்டிப் பூக்கும். கவாத்துச் செய்ய மனம் வராமல் படரவிட்டவர் வீட்டில் இலைதான் மிகும். ஓமவல்லியும் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் கைகழுவும் இடத்து நிழலில் நிற்கட்டும். சோற்றுக் கற்றாழையை எங்கு வைத்தாலும் பிழைக்கும். மிகுதியாக நீர்விட்டால் மட்டுமே சாகும். வெட்டிவேரைச் சாக்கில் மணல் நிரப்பி நடுக. நிலத்தில் நட்டால் ஆளுயரத்துக்கும் கீழே இறங்கிவிடும் வேரைத் தோண்டியெடுத்தல் ஆகாத வேலை. ஓராண்டுக்குமேல் விட்டுச் சாக்கைக் கிழித்தால் முழு வேரும் கையில் வரும். அடுத்த வேனிலுக்குக் குடிநீர்ப் பானைக்கு அதுவே மணம்.

2004ஆம் ஆண்டு திசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது தமிழகக் கரையோரக் கிணறுகள் பல உவர்த்துப் போயின. அப்போது உப்பைக் கழுவித் தந்தது மழைதான். எனவே கூரைநீர் ஒரு துளியும் தெருவுக்கு ஓடாமல் கொல்லை மணலிலேயே இறங்குமாறு, துலைத் திங்கள் பிறக்குமுன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குழி வெட்டிக் கூழாங்கல் நிரப்புக. வேனிற்கொல்லை மழைக்காலத்தில்தான் தொடங்குகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஊர்க்குப் பெயர்தந்த மரம் எத்தனை வீட்டு வாயிலில் நிற்கிறது? பாலையின் நாற்றுக் கிடைக்காது என்று சொல்ல வேண்டா. சீமை இலுப்பை எனப்படும் சப்போட்டாவை ஒட்டுக்கட்டுவதற்கு வேர்ச்செடியாகப் பயன்படுவது இப்பாலையே. எனவே ஒட்டுச்செடிப் பண்ணைகளில் கேட்டால் ஒட்டாத கன்று கிடைக்கும். அல்லது, ஆடவைத் திங்களில் மரத்தடியில் கனி உதிருங்கால் சிறுவர் தின்று துப்பும் கொட்டைகளைப் பொறுக்கிக் கழுவி, காயவிடாமல் அப்போதே மணலும் சாணமும் கலந்த பைகளில் ஊன்றுங்கள். முளைக்க நாட்செல்லும், முளைத்தபின்னும் முதல் இரண்டாண்டு வளர்ந்ததாகவே தெரியாது. அதற்காகப் பிடுங்கிப் பார்க்க வேண்டா.